பெங்களூரு வந்தேன், வீட்டு நெட்டையும் கையோட தூக்கிட்டு வந்துட்டேன்

ஹலோ ஹலோ, ஆடியோ கேக்குதா, கொஞ்சம் எக்கோ அடிக்கும் மக்களே கோச்சுக்காதீங்க, ரூம்ல இப்போதைக்கு ஒரு பாய், ஒரு மெத்தை, ரெண்டு அட்டைப்பெட்டி, அப்புறம் நான், அவ்ளோதான். மெத்தைய சுவத்துல சாச்சு வெச்சு அதுக்கு எதிர்ல உக்காந்து பேசிட்டிருக்கேன், சவுண்ட் ப்ரூஃபிங் பட்ஜெட் இவ்ளோதான்.

சரி, போன வீடியோல சொன்னேன்ல, வேலை மாத்திட்டேன், பெரம்பூர்ல இருந்து பெங்களூரு ஷிஃப்ட் ஆகுறேன்னு. ஆயாச்சு. ஹூடில ஒரு ஒன் பிஹெச்கே, வாடகை 18 ஆயிரம், அட்வான்ஸ் பத்து மாசம் கேட்டாரு ஓனரு, பேசிப் பேசி அஞ்சு மாசத்துக்கு கொண்டு வந்தேன், 90 ஆயிரம். 2021ல மத்திய அரசு ஒரு மாதிரி வாடகைச் சட்டம் கொண்டு வந்துச்சு, அதுல வீட்டுக்கு ரெண்டு மாச அட்வான்ஸ் தான் அதிகபட்சம்னு இருக்கு, நான் அதை சொன்னேன், அவரு சிரிச்சாரு. மாதிரி சட்டம்தான, மாநிலம் எடுத்துக்கிட்டா தான் செல்லும். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

இன்னிக்கு வீட்டு டூரெல்லாம் இல்ல, காட்டவும் ஒண்ணும் இல்ல. நான் பண்ண ஒரு கேவலமான வேலைய சொல்லணும். சேனல் பேர்லயே டெக் வெச்சிருக்கறவன் இதை வெளில சொல்லலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன், சரி சொல்லிடலாம்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு முன்கதை. 2021 ஜூன் 1ம் தேதியோட கூகுள் ஃபோட்டோஸ்ல அன்லிமிடெட் ஃப்ரீய நிறுத்துனாங்க ஞாபகம் இருக்கா, 15 ஜிபிக்கு மேல போனா காசுன்னு. அன்னிக்கு வந்த ரோஷத்துல தான் நான் வீட்டுல நாஸ், அதாவது நெட்வொர்க்ல எல்லாரும் ஃபைல் போட்டு எடுக்கற ஒரு சேமிப்புப் பெட்டி வெச்சேன், ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, பின்னாடி அதுல இம்மிச்னு கூகுள் ஃபோட்டோஸ் மாதிரி ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஓட்டி, அம்மா போன், அப்பா போன், என் போன் எல்லா ஃபோட்டோவும் அதுல தான் போய் விழும். பக்கத்துல ஒரு ராஸ்பெரி பை, உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டர், அதுல பை-ஹோல்னு ஒரு சாஃப்ட்வேர், அதாவது வீட்டுல யாரு எந்த ஆப் தொறந்தாலும் விளம்பர சர்வரோட பேரை மட்டும் தெரியாதுன்னு சொல்லிடும், நெறைய விளம்பரம் வராது. மாசக் காசு கட்டி கிளவுட் வாங்குற ஃப்ரெண்ட்ஸ நான் ஓட்டுன ஓட்டு இருக்கே, இந்த சேனல்லயே நாலு வீடியோ இருக்கும், தேடிப் பாத்து கமென்ட்ல திட்டுங்க, இன்னிக்கு நான் வாங்கிக்கறேன்.

கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி பேக்கிங். மத்த சாமான் எல்லாம் லாரில போட்டாலும் ஹார்ட் டிஸ்க்க மட்டும் கைல தான் எடுத்துட்டு வரணும்னு முடிவு. ஹார்ட் டிஸ்க் ஓடிட்டிருக்கும்போது தான் ரொம்ப சென்சிடிவ், ஆஃப் பண்ணிட்டா ஹெட்டு ஓரமா போய் பார்க் ஆயிடும், டேட்டாஷீட் எடுத்துப் பாத்தா ஆஃப்ல இருக்கும்போது 250 ஜி அதிர்ச்சி வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பான், ஓடும்போது அதை விட ரொம்பக் கம்மி. அதெல்லாம் தெரிஞ்சும் மனசு கேக்கல, ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி, ஆன்டி-ஸ்டாடிக் கவர்ல போட்டு, அம்மாவோட பழைய காட்டன் புடவைல சுத்தி, பேக்பேக்ல நடுவுல வெச்சேன். போற போக்குல அந்த குட்டி ராஸ்பெரி பையையும் கழட்டி அதே பேக்ல போட்டேன். இது என்னுது தானே, என் சர்வர் எல்லாம் என்கூட வருதுன்னு ஒரு நெனப்பு.

காலைல சென்ட்ரல்ல பிருந்தாவன் ஏறியாச்சு. 1964ல இருந்து ஓடுற வண்டி, ஜன்னல் சீட்டு, அரக்கோணம் தாண்டி ஒரு காபி, பேக்பேக் மடில குழந்தை மாதிரி. காட்பாடி வரும்போது அப்பா போன்.

"தம்பி, நெட்டு வரலடா."

"ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா."

"பண்ணிட்டேன். பத்து வாட்டி."

"அப்ப அவங்க சைடு தான் ஏதோ பிரச்சனை, கம்ப்ளெயின்ட் போடுங்க, விடாதீங்க."

இந்த "விடாதீங்க"வ நான் தான் சொன்னேன், நோட் பண்ணிக்கோங்க. அப்பா விடல. கஸ்டமர் கேருக்கு மூணு வாட்டி போன் போட்டிருக்காரு, ரிடையர்டு ஆளு, அவருக்கு வேற வேலை என்ன, சாயந்திரம் டிவி ஆப்ல பட்டிமன்றம் பாக்கணும். ஒரு லைன்மேன் தம்பி வெயில்ல வண்டிய எடுத்துட்டு வந்து, பாக்ஸ தொறந்து, ஃபைபர கழட்டி மீட்டர்ல வெச்சுப் பாத்து, எல்லாம் கரெக்டா இருக்குன்னு சொல்லிட்டு, அப்பா போன்ல இருந்து எனக்கு அடிக்கறாரு. நான் அப்ப தான் ஹூடில பேக்பேக்க எறக்கி வெச்சு ஜிப்ப தொறக்கறேன்.

"சார், சிக்னல் பக்கா, லைட்டெல்லாம் பச்ச. ரூட்டர்ல யாரோ கைல டிஎன்எஸ் போட்டு வெச்சிருக்காங்க, 192.168.1.10னு. அந்த அட்ரஸ்ல வீட்டுல எதுவும் இல்லையே சார்?"

எனக்கு எப்படி இருந்திருக்கும். அந்த அட்ரஸ் எங்க இருக்கு? பை. பை எங்க இருக்கு? பைக்குள்ள. என் கைல. 350 கிலோமீட்டர் தள்ளி.

புரியாதவங்களுக்கு, டிஎன்எஸ்ங்கறது பேரைக் கொடுத்தா நம்பரைச் சொல்ற ஆளு, ஊருக்குப் புதுசா வந்தவன் டீக்கடைல வழி கேக்கற மாதிரி. எங்க வீட்டுல எல்லா போனுக்கும் டிவிக்கும் "வழி கேக்கணும்னா இந்த டீக்கடைய மட்டும் கேளு"ன்னு ரூட்டர்ல எழுதி வெச்சுட்டு, நான் டீக்கடையவே பேர்த்து தூக்கிட்டு வந்துட்டேன். ரெண்டாவதா இன்னொரு டிஎன்எஸ் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க, போடல, வேணும்னே தான் போடல, ஏன்னா ரெண்டாவது போட்டா போனுங்க அப்பப்ப அங்க போய் கேட்டுக்கும், விளம்பரம் நுழைஞ்சிடும். அவ்ளோ புத்திசாலி நான்.

சரி, மாத்துங்க தம்பின்னு சொன்னா பாஸ்வேர்டு கேக்குது. ரூட்டர் பாஸ்வேர்டு 24 எழுத்து, செக்யூரிட்டி பத்தி பாடம் எடுக்கறவன் இல்லையா. அந்த பாஸ்வேர்டு எங்க இருக்கு, பாஸ்வேர்டு மேனேஜர்ல. அந்த பாஸ்வேர்டு மேனேஜர் சர்வர் எங்க இருக்கு, நாஸ்ல. நாஸ் எங்க இருக்கு, புடவைல சுத்தி. நல்ல காலம் போன் ஆப்ல ஒரு காப்பி ஆஃப்லைன்ல இருக்கும், அதைத் தொறந்து ஒவ்வொரு எழுத்தா சொல்றேன். "கேப்பிடல் கே... டாலர்... டாலர் தம்பி, எஸ் மேல கோடு... சின்ன எல்... இல்ல அது ஒண்ணு இல்ல, எல், லட்டு எல்..." மூணு வாட்டி தப்பு, நாலாவது வாட்டி உள்ள போயாச்சு. 1.1.1.1, அதாவது யாரு வேணா கேக்கலாங்கற ஒரு பொது டிஎன்எஸ் போடச் சொன்னேன், அஞ்சு செகண்ட்ல அப்பாவோட பட்டிமன்றம் பின்னாடி கேக்குது, நடுவுல விளம்பரத்தோட. அந்தத் தம்பி ஒரு வார்த்தை தப்பா பேசல. "பரவால்ல சார், நெறைய வீட்டுல இப்படித்தான், பையன் வெளியூர் போயிருப்பாரு"ன்னாரு. அதான் இன்னும் வலிக்குது.

பெரிய கம்பெனிய நம்பாதீங்க, அவன் ஒரு நாள் கதவ சாத்திட்டுப் போயிடுவான், உங்க டேட்டா உங்க வீட்டுல இருக்கணும்னு நான் சொல்லிட்டே இருந்தேன், இப்பவும் அதான் சொல்றேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா எங்க அம்மா அப்பாக்கு அந்த கம்பெனி நான் தான். நான் தான் கதவ சாத்திட்டு பிருந்தாவன்ல ஏறிப் போனது. கூகுளாவது ஆறு மாசம் முன்னாடியே அறிவிச்சுட்டு நிறுத்துனான்.

சரி இப்ப இங்க என்ன நிலைமைன்னு சொல்றேன். நாஸ் ஓடுது, அந்த மூலைல, அட்டைப்பெட்டி மேல, தெரியுதா. ஒரு நல்ல விஷயம், பெரம்பூர்ல மே மாசம் டிஸ்க் டெம்பரேச்சர் 47, 48 காட்டும், இங்க ஃபேன் கூட போடாம 36. ஊர் கடல்மட்டத்துல இருந்து 900 மீட்டர் உசரம், எனக்கு முன்னாடி என் ஹார்ட் டிஸ்க்குக்கு பெங்களூரு புடிச்சுப் போச்சு.

கெட்ட விஷயம், இங்க எடுத்த கனெக்‌ஷன்ல பப்ளிக் ஐபி கிடையாது, சிஜிநாட். ஐபிவி4ல, அதாவது இன்டர்நெட்டோட பழைய அட்ரஸ் முறைல, மொத்தமே சுமார் 430 கோடி அட்ரஸ் தான், 2011லயே பொது கையிருப்பு தீந்து போச்சு, அதனால ஒரே அட்ரஸ நூறு வீட்டுக்கு பங்கு போட்டுக் கொடுக்கறாங்க, அபார்ட்மென்ட்டுக்கே ஒரே கதவு நம்பர் மாதிரி, நாம வெளில போகலாம், வெளில இருந்து யாரும் நம்ம வீட்டைத் தேடி வர முடியாது. அம்மா போன்ல இருந்து ஃபோட்டோ இங்க வரணும்னா வழி வேணும்ல, அதுக்கு டெய்ல்ஸ்கேல் போட்டேன், எங்கெங்கயோ இருக்கற நம்ம போனு சர்வர் எல்லாத்தையும் ஒரே வீட்டு நெட்டு மாதிரி சேக்கற விபிஎன், உள்ள வயர்கார்டுன்னு ஒரு விபிஎன் முறை தான், 2020ல லினக்ஸ் கெர்னல்லயே சேத்துட்டாங்க, சின்ன கோடு, சுத்தமான வேலை, எனக்கு அதுமேல தனி மரியாதை.

அம்மாவுக்கு வீடியோ கால்லயே இன்ஸ்டால் பண்ணி விட்டேன். மறுநாள் காலைல ஆறரைக்கு போன். "டேய், போன்ல மேல சாவி மாதிரி ஒண்ணு வந்து உக்காந்திருக்கு, நான் எதையும் தொடல, டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு சொல்றாங்களே அதுவா?" விபிஎன் ஐகான். இல்லம்மா அது நம்ம வீட்டு சாவி தான்னேன். "நம்ம வீட்டு சாவி ஆணில தொங்குதே"ன்னாங்க. அதுக்கு மேல எனக்கு வெளக்க தெரியல.

ஊரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லன்னா கேப்பீங்க. ஆபீஸுக்கு மெட்ரோ, ஹூடில இருந்தே பர்ப்பிள் லைன். இந்த ஒயிட்ஃபீல்டு பக்கம் 2023 மார்ச்லயே தொறந்துட்டாங்க, ஆனா நடுவுல கேஆர் புரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் மட்டும் விட்டுப் போய் அக்டோபர்ல தான் சேத்தாங்க, அந்த ஆறு மாசம் ஜனங்க எறங்கி பஸ் ஏறி மறுபடி மெட்ரோ ஏறுனாங்களாம், ஆபீஸ்ல இன்னும் அந்தக் கதை பேசறாங்க. 2025 பிப்ரவரில அதிகபட்ச டிக்கெட்ட 60ல இருந்து 90 ரூபாயா ஏத்துனது தான் ஓவர். டிராஃபிக் பத்தி நான் எதுவும் சொல்லல, எல்லாரும் சொல்லிட்டாங்க.

ஆட்டோவுக்கு 'நம்ம யாத்ரி'ன்னு ஒரு ஆப். 2022ல வந்தது, டிரைவர் கிட்ட கமிஷன் எடுக்காம நாளைக்கு இவ்ளோன்னு சின்னதா ஒரு கட்டணம், கோடு கிட்ஹப்ல யாரு வேணா பாக்கற மாதிரி தொறந்து கெடக்கு, பேக்கெண்டு ஹாஸ்கெல்ங்கற புரோகிராமிங் மொழில எழுதியிருக்காங்க. ஹாஸ்கெல்! காலேஜ்ல அதை யாரு எங்க யூஸ் பண்ணப் போறாங்கன்னு கிண்டல் பண்ணேன், இப்ப அதுல தான் எனக்கு ஆட்டோ வருது. அப்புறம் பெரிய ஆப்புங்களும் கமிஷன விட்டுட்டு சந்தாவுக்கு மாறிட்டாங்க. அந்த டிரைவர் அண்ணன் கிட்ட நான் பெருமையா "கன்னடா கொத்தில்லா, ஸ்வல்ப ஸ்வல்ப"ன்னு ஆரம்பிச்சேன், அவரு திரும்பிப் பாத்து "எந்த ஊரு தம்பி, நமக்கு ஆம்பூர் பக்கம்"னாரு. கன்னடம் கத்துக்கணும், கத்துப்பேன், ஆனா இந்த ஊரு என்னை விட மாட்டேங்குது.

சனிக்கிழமை இங்க எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற எஸ்பி ரோடு போனேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வளந்தவனுக்கு அது மாமா வீட்டுக்குப் போன மாதிரி, அதே சந்து, அதே ஒயரு மூட்டை, அதே "பில்லு வேணுமா வேணாமா". அண்ணான்னா அங்கயும் அண்ணன் தான், அதனால பேரம் பேசறதுல பிரச்சனை இல்ல. இன்னொரு ராஸ்பெரி பை வாங்குனேன். இது இங்க இல்ல, பெரம்பூருக்கு. அடுத்த மாசம் போகும்போது அங்க வெச்சுட்டு, நாஸ்ல இருக்கற ஃபோட்டோவுக்கு அங்க ஒரு காப்பி, ஒண்ணு கெட்டாலும் ஒண்ணு இருக்கும். விளம்பரத் தடுப்பு திரும்ப வேணுமான்னு அப்பா கிட்ட கேட்டேன். "வேணாம்பா, விளம்பரம் வரட்டும், அதுல தான் நான் எழுந்து தண்ணி குடிக்கறேன்"னுட்டாரு.

இரு இரு, குக்கர்... மூணு விசிலா நாலா? ஆஃப் பண்ணிட்டு வரேன்.

ம். இதைக் காட்டிட்டு முடிச்சுக்கறேன். நெட்டு வரலன்னா என்ன பண்ணணும்னு ஒரு பக்கத்துக்கு தமிழ்ல எழுதி அனுப்புனேன் வீட்டுக்கு, அஞ்சு ஸ்டெப்பு, முதல்ல எந்த லைட்டைப் பாக்கணும், சிவப்பா இருந்தா யாருக்கு போன் பண்ணணும், பாஸ்வேர்டு கூட இப்ப எட்டு எழுத்து தான். அப்பா அதைத் தன் கையெழுத்துல காலண்டர் அட்டை பின்னாடி எழுதி, ஈபி மீட்டர் பக்கத்துல ஒட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிருக்காரு. கேமரா ஃபோகஸ் ஆகுதா? படிக்கறேன். என் ஒண்ணாவது ஸ்டெப்புக்கு மேல அவரா ஒரு வரி சேத்திருக்காரு, சிவப்பு இங்க்ல. "முதலில் தம்பி ஊருக்குப் போகும்போது எதை எடுத்துப் போனான் என்று கேட்கவும்."