கடல் தின்ற காவல் கோபுரம்

[காட்சி: செங்குத்தான பாறை, கீழே அலைகள்]

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், யார்க்‌ஷயரில், ஸ்கார்பரோ என்று ஒரு கடலோர ஊர். ஊருக்கு மேலே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றில் இடைக்காலக் கோட்டை ஒன்று இருக்கிறது. நாம் பார்க்கப்போவது அதை அல்ல. புல்வெளியைத் தாண்டி, பாறை விளிம்பு வரைக்கும் நடக்க வேண்டும்.

[காட்சி: புல்லுக்கு நடுவே சுவர்க் கோடுகள்]

தரையோடு தரையாகத் தெரியும் இந்தக் கோடுகள்தான் ரோமானியப் படையின் காவல் கோபுரம். கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டியது. நடுவில் ஒரு பக்கம் சுமார் 15 மீட்டர் இருக்கும் சதுரக் கோபுரம், அதைச் சுற்றி முற்றமும் மதிலும், மதிலுக்கு வெளியே அகழி. கி.பி. 1000 வாக்கில் இதே இடத்தில் ஒரு சிறு தேவாலயம் எழும்பியதால், இப்போது எந்தக் கல் யாருடையது என்று பிரித்துப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆகும். கிழக்குப் பக்கம் பாறையோடு சரிந்து கடலுக்குள் போய்விட்டது.

இது தனிக் கோபுரமும் அல்ல. ஹன்ட்கிளிஃப், கோல்ட்ஸ்பரோ, ரேவன்ஸ்கார், ஸ்கார்பரோ, ஃபைலி என்று இந்தக் கரையில் வரிசையாக நின்றன. வடக்கிலிருந்து பிக்ட் மக்களும், கடலுக்கு அப்பாலிருந்து சாக்ஸன்களும் படகில் வந்து கொள்ளையடித்த காலம் அது. சோளக்கொல்லைக்குப் பரண் மாதிரி, கரைக்கு இந்தக் கோபுரங்கள்.

[காட்சி: ட்ராஜன் தூண் சிற்பம்]

சரி, தகவல் எப்படிப் போயிருக்கும்? ரோம் நகரில் பேரரசர் ட்ராஜனுக்காக எழுப்பி கி.பி. 113-இல் முடிந்த ட்ராஜன் தூணில் ஒரு காட்சி உண்டு. டான்யூப் ஆற்றங்கரைக் காவல் கோபுரங்களின் மாடியிலிருந்து தீப்பந்தம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே விறகு அடுக்கு, வைக்கோல் போர். இரவில் நெருப்பு, பகலில் புகை என்று ஊகிக்கலாம். ஆனால் அந்தத் தூண் யார்க்‌ஷயர் கோபுரங்களைவிட இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் மூத்தது. அதனால்தான் இந்தக் கோபுரங்களுக்கு வழங்கிவரும் ‘சமிக்ஞை நிலையம்’ என்ற பெயரை ஆய்வாளர்கள் பலர் தயங்கித் தயங்கியே சொல்கிறார்கள். மதிலையும் அகழியையும் பார்த்தால், எனக்கும் இது ஒரு குட்டிக் கோட்டையாகத்தான் தோன்றுகிறது. வெறும் தீப்பந்தம் காட்ட இவ்வளவு எதற்கு?

[காட்சி: எழுத்து பொறித்த கல்]

இவற்றில் ஒரு கோபுரத்தைக் கட்டியவர்களின் பெயரும் கிடைத்திருக்கிறது. 1774-இல் ரேவன்ஸ்காரில் ஒரு மாளிகைக்கு அடித்தளம் தோண்டியபோது வந்த லத்தீன் கல்வெட்டு. யுஸ்டினியானுஸ் தளபதி, விண்டிகியானுஸ் அவருக்குக் கீழ் இருந்த அதிகாரி. கோபுரமும் கோட்டையும் அடியிலிருந்து எழுப்பப்பட்டதாகச் சொல்கிறது. எழுத்துகள் கோணல்மாணல். தேர்ந்த சிற்பி அந்தப் பக்கம் இல்லை போலிருக்கிறது!

[காட்சி: இருட்டு, அலைச் சத்தம் மட்டும்]

அப்புறம் அந்தக் கோபுரங்களுக்கு என்ன ஆயிற்று? முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் கோல்ட்ஸ்பரோவில் தோண்டியவர்கள், கோபுரத்தின் ஒரு மூலையில் எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். ஒருவர் அடுப்பின் மேல் குப்புற விழுந்து கிடந்தார். இன்னொருவருக்கு அடியில் ஒரு பெரிய நாய், அதன் தலை அவருடைய தொண்டைப் பக்கம். எதிரி உள்ளே புகுந்தபோது காவல் நாய் அவன் மேல் பாய்ந்தது என்று ஒரு கதை அப்போதே பிறந்துவிட்டது. நல்ல கதைதான். ஆனால் நாய் யாருடையது, விழுந்தவர் காவலரா வந்தவரா என்று எலும்பு சொல்வதில்லை. ஹன்ட்கிளிஃபில் இன்னும் மோசம்: கிணற்றுக்குள் 14 பேரின் எலும்புகள்.

அந்தக் கிணற்றை இன்று போய்ப் பார்க்க முடியாது. ஹன்ட்கிளிஃப் கோபுரம் நின்ற நிலமே கடலுக்குள் போய்விட்டது. அங்கே கிடைத்த ஒருவகைச் சமையல் பானைக்கு மட்டும், எந்த ஊரில் தோண்டி எடுத்தாலும், இன்றைக்கும் ‘ஹன்ட்கிளிஃப் பானை’ என்றுதான் பெயர்.

[காட்சி: பூங்கா, கற்கள்]

ஃபைலியில் பாறை சரிந்தபோது 1857-இல் வெளிப்பட்ட ஐந்து அடிக்கற்கள் தப்பின. ஒரு காலத்தில் மாடியைத் தாங்கிய தூண்களுக்கு அடியில் இருந்தவை, இப்போது ஊர்ப் பூங்காவில் இருக்கின்றன.