வழி தவறிய புழு

(காட்சி: தாயின் மடியில் தூங்கும் நாய்க்குட்டி. வயிறு மட்டும் உப்பலாக.)

இந்தக் குட்டி இன்னும் மண்ணை மிதித்ததில்லை. ஆனாலும் வயிற்றில் புழு இருக்கலாம். எப்படி? தாய் கொடுத்த சீதனம் அது. டாக்சோகாரா கேனிஸ் என்ற உருளைப்புழுவின் லார்வாக்கள், அதாவது இளம்புழுக்கள், தாய் நாயின் தசைகளில் அசையாமல் படுத்துக் கிடக்கும். நாய் சினையானதும் விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும்.

குட்டியின் குடலில் வளரும் பெண் புழு ஒரே நாளில் பல்லாயிரம் முட்டைகள் இடும். மலத்தோடு வெளியே வந்ததும் அவை தொற்றாது. மண்ணில் ஓரிரு வாரமாவது கிடந்து பக்குவப்பட வேண்டும். அதனால் குட்டியைக் கொஞ்சுவதைவிட, மணலில் விளையாடிய கையை வாயில் வைப்பதில்தான் ஆபத்து அதிகம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

(காட்சி: அனிமேஷன். குடல் சுவரைத் துளைக்கும் லார்வா.)

சரி, முட்டை நம் வயிற்றுக்குள் போனால்? லார்வா பொரிந்து, குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறும். குட்டியின் உடம்பில் என்றால் ஈரல், நுரையீரல், தொண்டை என்று சுற்றி மறுபடி குடலுக்கே வந்து சேரும். நம் உடம்பில் அந்தப் பாதை பிடிபடாது. வளரவும் முடியாமல், லேசில் சாகவும் செய்யாமல் ஈரல், நுரையீரல், சில சமயம் மூளை, கண் என்று அலையும். முட்டையிடும் பருவத்துக்கே வராததால், நம் மலத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

1950-ல் ஹெலனர் வைல்டர் என்ற ஆய்வாளர், குழந்தைகளிடமிருந்து அகற்றப்பட்ட 46 கண்களை ஆராய்ந்தார். புற்றுநோய் என்று சந்தேகித்து எடுத்த கண்கள். 24 கண்களில் இருந்தது புழுவின் தடயம்!

(காட்சி: குரங்கும் மனிதனும் அருகருகே.)

புழுவின் கணக்கில் குரங்கும் நாமும் ஒன்றுதான், இரண்டுமே தவறான வீடு. நாயின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் முட்டையை விழுங்கினால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி உருவாகி, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். கூண்டில் வளர்க்கப்பட்ட குரங்குகளிடமும் இந்தக் கட்டிகளைக் கண்டிருக்கிறார்கள். நாயின் கொக்கிப்புழு லார்வாவுக்கு நம் வாய்கூடத் தேவையில்லை. வெறுங்காலின் தோலில் நுழைந்து, அடியாழத்துக்குப் போக முடியாமல் தோலுக்குள்ளேயே கோடு போட்டபடி ஊரும். அரிப்பு தாங்காது.

அப்புறம் என்ன செய்வது? குட்டிக்கு இரண்டு வார வயதிலேயே முதல் குடற்புழு மருந்து, கூடவே தாய்க்கும். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருளைப்புழு முட்டைக்குப் பக்குவப்பட நேரமே இருக்காது.