எந்தையும் இலமே

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். உள்ளேயிருந்து ‘வாங்க’ என்று குரல் வருகிறது. நம்மை எதிர்பார்த்திருந்தார்களா, ‘இப்போது எதற்கு வந்தார்கள்’ என்று நினைக்கிறார்களா என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். சொல் ஒன்றுதான், தொனி வேறு. சரி, எழுத்துக்குக் குரல் இல்லையே, அங்கே தொனி எங்கே இருக்கிறது? பல வருஷம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். இதைக் கேட்டால் புறநானூற்றின் 112ஆம் பாட்டைத்தான் எடுப்பேன்.

பறம்பு மலைப் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். பாரி மாண்டான், மலையும் போயிற்று. அவன் மகளிர் பாடியது ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அன்றைய வெண்ணிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய வெண்ணிலவில் வெற்றி முரசு கொட்டும் வேந்தர்கள் எங்கள் குன்றைக் கொண்டார்கள், எங்கள் தந்தையும் இல்லை. இவ்வளவுதான் பொருள்.

ஒருமுறை ஒரு மாணவன் இதை மேடைப் பேச்சு மாதிரி முழங்கினான். ‘முரசு’ வந்த இடத்தில் மேசையையும் தட்டினான். அப்புறம் ஒரு மாணவி எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை, மெதுவாகப் படித்தாள். ‘இலமே’ என்று முடித்தபோது வகுப்பில் ஒரு பெஞ்சு கூட அசையவில்லை. இப்படிப் படிக்க எப்படியம்மா தோன்றியது என்று கேட்டேன். “எங்க அம்மாச்சி இப்படித்தான் சார் சொல்வாங்க. ‘போன தீபாவளிக்கு உங்க தாத்தா இருந்தாரு. இந்தத் தீபாவளிக்கு இல்ல.’ அழமாட்டாங்க சார், சும்மா சொல்வாங்க” என்றாள்.

அழமாட்டாங்க, சும்மா சொல்வாங்க. இந்தப் பாட்டில் கண்ணீர் என்ற சொல்லே இல்லை, பாருங்கள். நிலவு அதே வெண்ணிலவு. முதலில் தந்தையைச் சொல்லிவிட்டு மலையைச் சொல்கிறார்கள். கடைசியில் அந்த வரிசை திரும்பிவிடுகிறது. மலை முன்னால் போய்விட, தந்தை இறுதியில் வந்து நிற்கிறார். பாட்டு அவரோடு முடிகிறது. அழாமல் சொல்கிறார்கள், கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பது கேட்பதற்குப் புகழ்ச்சி போல இருக்கும். 1894இல் உ.வே.சா. பதிப்பித்த புறநானூற்றில் உள்ள பழைய உரை அதை இகழ்ச்சிக் குறிப்பு என்கிறது. ஒருவனை மூவர் சூழ்ந்தும் வஞ்சித்துத்தானே கொன்றார்கள்! அந்தப் பையன் மேசையைத் தட்டிய இடம் இதுதான். வெற்றி முரசு என்று நினைத்துத் தட்டினான். துக்கத்துக்கு நடுவில் இப்படி ஓர் ஏளனம் ஒலிக்கிறது, அதையும் காதில் வாங்க வேண்டும்.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளையும், அதாவது உள்ளத்து உணர்ச்சி மெய்யில் வெளிப்படும் எட்டு வகைகளையும், சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது. அவற்றில் ஒன்றான அழுகைக்கு இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை என்று அது நான்கு காரணம் காட்டுகிறது. நாம் கேட்டது இழவு.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை வீட்டில் எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். அவன் என்னை மணந்தபோது அங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, ‘குருகும் உண்டு’, ஒரு நாரையும் இருந்தது, என்கிறாள் தலைவி. அந்த ‘உம்’மில் கொஞ்சம் நின்று படியுங்கள். வணக்கம்.