ஆடினாலும் விழாத மணிக்கோபுரம்

[திரை: புகை சூழ்ந்த சான் பிரான்சிஸ்கோ, கறுப்பு வெள்ளைப் படம்]

1906 ஏப்ரல் 18, விடிகாலை 5 மணி 12 நிமிடம். நிலம் குலுங்கியது. கட்டடங்கள் சரிந்தன, தப்பியவற்றில் பெரும்பகுதியைத் தீ தின்றது.

விரிகுடாவின் மறுகரையில், ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில், 72 அடி மணிக்கோபுரம் சேதமில்லாமல் நின்றது. உச்சியில் பத்து மணிகள் வேறு! மேலே கனம் கூடினால் ஆட்டமும் கூடும். ஆனாலும் விழவில்லை.

[திரை: ஜூலியா மார்கன்]

இரண்டு வருடம் முன்பு அதைக் கட்டியவர் கட்டடக்கலைஞர் ஜூலியா மார்கன். அப்போது அவருக்கு வயது 32.

[வரைபடம்: பக்கவாட்டில் ஆடும் சுவர்]

சரி, எப்படி நின்றது? சுவர் பக்கவாட்டில் ஆடும்போது ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் இழுபடும். செங்கல் சுவர் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் சாந்து விட்டுவிடும். வெறும் கான்கிரீட்டுக்கும் அதே பலவீனம்தான். உள்ளே எஃகுக் கம்பி வைத்தால் இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்ளும். மார்கன் கோபுரத்தைக் கட்டியது அப்படித்தான். இன்று எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த சங்கதி. 1904இல் பலர் நம்பாத புதுச் சரக்கு.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர் மார்கன். அப்புறம் பாரிஸின் புகழ்பெற்ற கலைப்பள்ளி. நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோல்வி, 1898இல் இடம் கிடைத்தது. முப்பது வயதுக்கு மேல் அங்கே படிக்க முடியாது. கெடு நெருங்கிய நேரத்தில், 1902இல், சான்றிதழ் வாங்கினார். கட்டடக்கலைப் பிரிவில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

[திரை: ஃபேர்மான்ட் ஹோட்டல்]

கோபுரம் நின்ற சேதி வேலையைக் கொண்டுவந்தது. தீயில் உள்ளே வெந்துபோன ஃபேர்மான்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. உள்அலங்காரம் செய்கிற பெண் போலிருக்கிறது என்று நினைத்து வந்தார் ஒரு நிருபர். மார்கன் பார்ப்பது கட்டுமான வேலை என்று மேஸ்திரிதான் விளக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கம் வந்த சரியாக ஒரு வருடத்தில் ஹோட்டல் திறந்தது.

மொத்தம் சுமார் 700 கட்டடங்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது 2014இல். அவர் காலமானது 1957இல். இதற்கு என்ன சொல்ல!

[திரை: சான் சிமியோன் மலை]

அதிகம் பேசப்படுவது பத்திரிகை முதலாளி ஹர்ஸ்டின் மலைமாளிகை. 1919இல் தொடங்கி 1947 வரை வேலை. முதலாளி மனசு மாறும்போதெல்லாம் நீச்சல் குளத்தைக்கூட மாற்றிக் கட்டினார்கள். பார்வைக்குப் பழைய ஸ்பானிய தேவாலயம். ஆனால் அந்த வெள்ளைக் கல்லுக்குப் பின்னால் இருப்பது, மில்ஸ் கோபுரத்தில் இருக்கும் அதே கம்பி, அதே கான்கிரீட்.