வால்பாறை: யானை நிற்கும் இடம் தெரிந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூர் மாவட்டத்தில், ஆனைமலைத் தொடரின் மேல் இருக்கும் வால்பாறை என்ற சிறிய ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது என் மனைவி பிறந்த ஊர். ஆகவே என் பேச்சில் கொஞ்சம் பாசம் கூடுதலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் வால்பாறைக்கு அவ்வளவாகச் செல்வதில்லை. பொள்ளாச்சியைத் தாண்டி, ஆழியாற்றிலிருந்து ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலை உச்சியின் உயரம் 163 மீட்டர்தான். வால்பாறையோ ஆயிரம் மீட்டருக்கு மேல். வழியில் சாலையோரத் தடுப்புச் சுவரின்மேல் வரையாடுகள் நின்றுகொண்டு, போகிற வண்டிகளைச் சற்றும் பொருட்படுத்தாமல் புல் மேயும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே மழைக்காட்டை அழித்து முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் பயிரிட்டார்கள். மலாயாவின் தோட்டங்களுக்கு நம் முன்னோரில் பலரைக் கொண்டுவந்த அதே கங்காணி முறைதான், அதாவது மேற்பார்வையாளரே ஊரில் ஆள்சேர்த்து அழைத்துவரும் முறைதான், சமவெளிக் குடும்பங்களை இந்த மலைக்கும் ஏற்றியது. தோட்டத் துரை கார்வர் மார்ஷுக்கு அங்கே சிலை இருக்கிறது. காட்டை வெட்டிச் செடி நட்டவர்களுக்கு ஒரு சிலையும் என் கண்ணில் பட்டதில்லை.

நான் சொல்ல வந்தது யானைகளைப் பற்றி. தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி நான்கு பக்கமும் காடு. தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருப்பவை துண்டு துண்டான சோலைகளும், நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோர மரங்களுமே. யானைகள் பகலில் அவற்றுக்குள் ஒதுங்கியிருந்து, இரவில் தோட்டங்களின் ஊடாக நடக்கின்றன. அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்தின் கதவையும் உடைத்த யானைகள் உண்டு. ஆனால் மனித உயிர்கள் போனது பெரும்பாலும் யானை வலிய வந்து தாக்கியதால் அன்று. இருட்டிலோ பனிமூட்டத்திலோ, யானை நிற்பது தெரியாமல் மனிதர்கள் மிக அருகில் போய்விட்டார்கள். தெரியாமல் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் யானைகளைப் பின்தொடர்ந்து, இந்தத் தெரியாமையையே சரிசெய்ய முனைந்தார்கள். மாலையில் உள்ளூர்த் தொலைக்காட்சியில், இன்று எந்தத் தோட்டத்தில் யானை என்று ஓடும் எழுத்தில் செய்தி வந்தது. பிறகு அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி வந்தது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளும் வந்தன; அருகில் யானை இருந்தால், பொறுப்பேற்ற உள்ளூர்க்காரர் தம் கைப்பேசியிலிருந்தே அவற்றை எரியவிடலாம். இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

ஒரு மாலை, என் மனைவியின் பெரியம்மாவுடன் தோட்டப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பேருந்து நிறையக் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்கள். திடீரென்று இரண்டு மூன்று கைப்பேசிகள் ஒலித்தன. “நம்ம பாடிக்குக் கீழே ஆனை நிக்குதாம்” என்றார் ஒருவர். தொழிலாளர் குடியிருப்பைப் பாடி என்பது அந்த ஊர் வழக்கம். யாரும் அலறவில்லை. ஓட்டுநர் அந்த நிறுத்தத்தில் நிற்காமல் அடுத்த நிறுத்தத்துக்கே வண்டியை விட்டார். இறங்கியவர்கள் தெரிந்தவர் வீட்டில் தேநீர் குடித்தபடி காத்திருந்தார்கள். எனக்குத்தான் கை நடுங்கியது. “அது வயிறு நெறஞ்சதும் போயிரும், நீங்க டீயைக் குடிங்க தம்பி” என்றார் பெரியம்மா. சுற்றுலாப் பயணிகளோ யானையைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் படமெடுக்க இறங்குகிறார்கள். அறிவிப்பு முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த அசட்டுத் துணிச்சலுக்கு அதில் மருந்து இல்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அங்கே புதுத்தோட்டம் என்ற எஸ்டேட்டில் வாழும் சிங்கவால் குரங்குகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சாலையில் அடிபட்டுச் சாகாமல் அவை கடந்து செல்ல, மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்; நம் பழைய அப்பர் தாம்சன் சாலையில் கருங்குரங்குகளுக்குக் கயிற்றுப் பாலம் கட்டியிருப்பதைப் போலத்தான். இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடி இறங்கிவிட, இன்று அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள் என்பதை இந்த ஒரு வாக்கியத்தில்தான் சொல்ல முடிகிறது. போக நினைப்பவர்கள் தென்மேற்குப் பருவமழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்; அங்குள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. வணக்கம்.