அரங்கேற்றத்துக்குக் கருப்பு அறையா? எஸ்பிளனேட் அரங்குகள் பற்றி ஒரு சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. உட்லண்ட்ஸில் இருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் அவருடைய மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலை மையத்தில் தியேட்டர் ஸ்டூடியோ என்கிற சின்ன அரங்கில் வைக்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தால் உள்ளே எல்லாம் கருப்பு. மாமியாருக்கு மனசே இல்லையாம். "மங்கலமான காரியத்தைக் கருப்பு அறையில் வைப்பதா? அத்தனை பெரிய டுரியானுக்குள் நமக்கு இந்த அறைதானா?" என்கிறாராம். அழைப்பு 180 பேருக்கு. என்ன செய்யலாம் தம்பி என்று கேட்கிறார்.

அக்கா, நான் உங்கள் ஆசிரியை பக்கம். மாமியாரையும் சமாதானப்படுத்தப் பார்க்கிறேன்.

எஸ்பிளனேட் என்பது ஒரே அரங்கு இல்லை. 2002 அக்டோபரில் திறந்தார்கள், ஏறத்தாழ 60 கோடி வெள்ளி செலவு. வெளியே முள்முள்ளாகத் தெரிவது வெயிலைத் தடுக்கும் அலுமினியத் தகடுகள், 7,000-க்கும் மேல். அதைப் பார்த்து முள்ளுப் பழமான டுரியான் என்று கட்டடத்துக்குப் பெயர் வைத்தது நாம்தான், கட்டியவர்கள் இல்லை. அந்த ஓடுகளுக்கு அடியில் இரண்டு பெரிய அரங்குகள். தியேட்டரில் ஏறத்தாழ 2,000 இருக்கை, குதிரை லாடம் மாதிரி வளைந்து மாடி மாடியாகப் போகும். கான்சர்ட் ஹாலில் சுமார் 1,600, மேடைக்குப் பின்னால் இன்னும் ஒரு 200. அப்புறம் சின்னது இரண்டு: ரிசைட்டல் ஸ்டூடியோவில் 245 பேர், தியேட்டர் ஸ்டூடியோவில் 220 பேர். ரொம்ப நாளாக நடுத்தர அளவில் ஒன்று இல்லாமல் இருந்தது. 2022-இல் தண்ணீர் ஓரமாக வாட்டர்ஃபிரண்ட் தியேட்டர் வந்தது, சுமார் 550 இருக்கை.

கணக்கை மட்டும் பாருங்கள். 180 பேர் 2,000 இருக்கையில் உட்கார்ந்தால் பத்தில் ஒரு பங்குகூட நிறையாது. சபை நிறைந்த மாதிரியே இருக்காது. மகள் முதல் உருப்படியான அலாரிப்பு ஆட மேடையேறும்போது எதிரே காலி நாற்காலிகள்தான் தெரியும். கைதட்டல்கூட அங்கே தூறல் மாதிரி கேட்கும்.

நான் மிருதங்கம் வாசிக்கிறவன், அதனால் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கான்சர்ட் ஹால் மைக் இல்லாமல் வாசிக்கும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவை மனதில் வைத்துக் கட்டியது. ஒலியமைப்பைத் திட்டமிட்டவர் ரஸ்ஸல் ஜான்சன், அந்தத் துறையில் பெரிய பெயர். அரங்கைச் சுற்றி எதிரொலி அறைகள் இருக்கின்றன. கனமான கதவுகளைத் திறந்தால் ஒலி அங்கேயும் போய்ச் சுற்றிவிட்டு வரும், கார்வை, அதாவது ஒலி அடங்காமல் நிற்கிற நேரம், நீளும். மேடைக்கு மேல் தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கலாம். வயலின்கள் நாற்பது ஐம்பது சேர்ந்து வாசிக்கும்போது அந்தக் கார்வைதான் அமுதம்.

ஆனால் வாயால் சொல்கிற தாளச் சொற்களான ஜதிக்கு? நட்டுவாங்கம் செய்கிறவர், அதாவது தாளம் தட்டி ஜதி சொல்கிறவர், வேகமான மேல்காலத்தில் ஒரு விநாடிக்கு எட்டு சொல் சொல்கிறார் என்று வையுங்கள். கார்வை இரண்டு விநாடி நிற்கிற இடத்தில், "தகதிமி" சொல்லி முடிப்பதற்குள் முந்தைய பதினாறு சொற்களின் மிச்சம் காற்றில் அலைந்துகொண்டிருக்கும். வேறொரு மண்டபத்தில், பெயர் வேண்டாம், பளிங்குத் தரை, மொட்டைச் சுவர், ஒரு தீர்மானம், அதாவது மூன்று முறை திரும்ப வாசித்து முடிக்கிற ஜதிக் கோவை, வாசித்தேன். மூன்றாவது சுற்றில் என் மிருதங்கச் சாப்பு அடி எது, சுவரில் பட்டுத் திரும்பி வந்த சாப்பு எது என்று எனக்கே தெரியவில்லை. ஆடிய பிள்ளை என் முகத்தைப் பார்க்கிறாள், நான் தாளக்காரர் கையைப் பார்க்கிறேன். எப்படியோ சமத்தில், தாளத்தின் முதல் அடியில், வந்து விழுந்தோம். நியாயமாகச் சொல்ல வேண்டும், கான்சர்ட் ஹாலில் திரைகளை இறக்கிக் கார்வையைக் குறைக்கலாம், நம் ஆட்களின் கச்சேரிகளும் அங்கே நன்றாகவே நடந்திருக்கின்றன. அதற்கு அனுபவமுள்ள ஒலியமைப்பாளரும் போதுமான ஒத்திகை நேரமும் வேண்டும். குடும்பம் நடத்துகிற அரங்கேற்றத்துக்கு அந்தத் தலைவலி எதற்கு?

அடுத்தது அபிநயம். எனக்கு இதுதான் முக்கியம். வர்ணம் என்கிற நீண்ட உருப்படியில் சகியிடம் "அவரைக் கூட்டி வா" என்று ஒரு பார்வை இருக்கும், இமை மட்டும் கொஞ்சம் தாழும். பெரிய தியேட்டரின் மேல்மாடியில் இருந்து பார்த்தால் பட்டுப்புடவை தெரியும், கை தெரியும், இமை எங்கே தெரியப் போகிறது? தியேட்டர் ஸ்டூடியோவில் கடைசி வரிசையில் இருக்கிற தாத்தாவுக்கும் தெரியும். நாற்காலிகளையும் ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிப் போடலாம்.

இப்போது அந்தக் கருப்பு. வெள்ளைச் சுவராக இருந்தால் விளக்கு சுவரில் பட்டுத் தெறித்து மேடை முழுக்க வெளிறிப்போகும். கருப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். அப்போது கண்ணில் நிற்பது பிள்ளை மட்டும்தான், அவள் கையில் வைத்த ஆல்தாச் சிவப்பும் கழுத்துக் கல்லும் உட்பட. கோயில் கருவறையும் இருட்டுதானே, அங்கே தீபம் காட்டும்போது நமக்கு என்ன தெரிகிறது என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். மேடை ஓரத்தில் நடராஜரை வைத்துக் குத்துவிளக்கும் மல்லிகைச் சரமும் வைத்தால் மங்கலத்துக்கு என்ன குறை? ஒன்று மட்டும் கவனியுங்கள். தீபத்தில் நெருப்பு ஏற்றலாமா என்று அரங்கு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு விடுங்கள். அனுமதி இல்லை என்றால் மின்விளக்குத் தீபம் ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.

பம்ப்-இன் என்று சொல்வோம், சாமான்களை உள்ளே கொண்டுவந்து விளக்கும் மைக்கும் பொருத்துகிற வேலை. அதற்கும் ஒத்திகைக்கும் சேர்த்து எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று ஒப்பந்தம் போடும் முன் கேளுங்கள். பல பெற்றோர் நிகழ்ச்சி நேரத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் தவிக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நவம்பர் வாக்கில் கலா உத்சவம் நடக்கும், எஸ்பிளனேடே நடத்துகிற இந்தியக் கலை விழா. கூடத்திலும் தண்ணீர் ஓரத் திறந்தவெளி அரங்கிலும் இலவச நிகழ்ச்சிகள் நிறைய இருக்கும். ஸ்டூடியோவில் நாட்டியம் இருந்தால் டிக்கெட் எடுத்து மாமியாரையும் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். நான் சொல்வதைவிட அவர் கண்ணால் பார்த்தால் சட்டென்று புரியும். ஒரு சால்வை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உள்ளே குளிர் அதிகம்.

கடைசியாக அழைப்பிதழ். இது தேக்கா கல்யாண மண்டபம் இல்லை அக்கா. நிகழ்ச்சி தொடங்கிய பிறகு வருகிறவர்களை உருப்படிக்கு நடுவில் உள்ளே விடுவது வழக்கமில்லை, இடைவெளி வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். நிகழ்ச்சி ஏழரைக்கு என்றால் அழைப்பிதழில் ஏழு என்று அச்சடியுங்கள். நம் சொந்தக்காரர்கள் சரியாக ஏழரைக்கு வந்து சேருவார்கள்.