எல்லையோர இளைஞரின் முதல் இணையப் பக்கம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். தமிழக-கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பகுதிகளில் இணையப் பக்க வடிவமைப்பைக் கற்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்த வகுப்பில் சேரலாம், கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். வகுப்பில் சேர்வதற்கு முன்பே, வீட்டிலிருக்கும் பழைய கணினியில், காசு செலவில்லாமல் ஒரு பக்கத்தைத் தம் கையாலேயே எழுதிவிட முடியும். அந்த முதல் பக்கம் தமிழில் இருப்பதே நல்லது. இதை வலியுறுத்தவே வந்திருக்கிறேன்.

கணினி அறிஞர் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்த உலகளாவிய வலையை (வேர்ல்டு வைடு வெப்), 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிறுவனம் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. நோட்பேட் போன்ற எளிய எழுதும் செயலியும், குரோம் போன்ற ஓர் உலாவியும் இருந்தால், ஒரு பக்கத்தை எழுத இன்றும் அதுவே போதும். எந்தப் பக்கத்தையும் கணினி உலாவியில் திறந்து, அதன் மூலக் குறியீட்டைப் பார்த்துப் படிக்கலாம்.

இதற்கு மூன்று கணினி மொழிகளைக் கற்க வேண்டும். எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்பதைச் சொல்வது எச்.டி.எம்.எல். நிறமும் இடைவெளியும் சி.எஸ்.எஸ்.-இன் பொறுப்பு. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது 1995-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட். பலர் மூன்றாவதிலிருந்து தொடங்கித் திணறுகிறார்கள். எச்.டி.எம்.எல். நன்றாகக் கைவந்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் குறியீட்டை எழுதித் தருகின்றன. ஆனால் அதில் பிழை இருந்தால், அடிப்படை தெரிந்தவரால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

முதல் பக்கத்துக்கு நம் ஊரிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போகும் பேருந்துகளின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இதைப் படம் பிடித்துத்தான் பகிர்கிறார்கள். படத்திலுள்ள நேரத்தைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருளால் ஒழுங்காகப் படித்துச் சொல்ல முடியாமல் போகும். தேடினாலும் எளிதில் அகப்படாது. அதையே அட்டவணையாக எழுதி, மேல் வரிசையில் உள்ளவை தலைப்புகள் என்று குறித்துவிட்டால், ஒவ்வொரு நேரமும் எந்த ஊருக்கு உரியது என்பதை அந்த மென்பொருள் சொல்லிவிடும்.

பக்கத்தை எழுதிய கோப்பை, எல்லா மொழி எழுத்துகளையும் பதிய உதவும் யூ.டி.எஃப்.-8 என்ற குறியாக்க முறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் ('ஹெட்') அதைக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் புரியாத ரோமன் எழுத்துகள் வந்து நிற்கக்கூடும். எல்லையோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் வருமானால், ஒவ்வொரு பகுதிக்கும் மொழியைக் குறிக்கும் 'லாங்' (lang) என்ற பண்பைச் சேர்த்து, இது தமிழ், இது மலையாளம் என்று அறிவிக்க வேண்டும். அப்போதுதான் திரைவாசிப்பு மென்பொருள் அந்தந்த மொழிக்குரிய குரலைத் தேர்ந்தெடுக்கும். இரு மொழியும் அறிந்த நம் பிள்ளைகள் இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்ததும் 'சித்தூர்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். நாம் 4 எழுத்து என்போம். அது 8 என்று விடை தரும். மெய்க்கு மேலுள்ள புள்ளியையும், உயிர்மெய்யில் வரும் உயிர்க்குறியையும், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறை தனித்தனியாக வைத்திருப்பதே காரணம். பெயரை இத்தனை எழுத்துக்குள் எழுத வேண்டும் என்று படிவத்தில் கட்டுப்பாடு வைக்கிறவர்கள் இதை அறியாவிட்டால், தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். ஆங்கில எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு இது கடைசிவரை தெரியாமலே போகலாம்.

பக்கம் முடிந்ததும் அதை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் கைப்பேசியில் திறந்து அவரிடமே கொடுங்கள். எழுத்து பொடியாகத் தெரிந்து, விரலால் விரித்துத்தான் படிக்க முடிகிறது என்றால், திரையின் அகலத்துக்கேற்பப் பக்கத்தைக் காட்டச் சொல்லும் 'வியூபோர்ட்' வரி விடுபட்டிருக்கும். தலைப்பகுதியில் அதைச் சேர்த்துவிட்டு மறுபடியும் அவரிடமே காட்டுங்கள்.